பின்சீட்டுக்குப் பக்கத்தில் ஒரு துவாரம்

ஜெயரூபன் கொண்டுவந்து வைத்த தேநீர்க் கிளாசின் விளிம்பில், கிறீஸ் பூசிய பெருவிரல் அடையாளம் ஒன்று ரேகை எண்ணுமளவுக்குத் தெளிவாக இருந்தது. அதைக் கண்டதுமே விக்கினராசாவின் தொண்டைக்குள் ஏதோ ஒன்று ஏறி நின்றுகொண்டது. குடிக்கமாட்டார். குடிக்காமல் விட்டால் அவன் என்ன நினைப்பான், நினைத்தால் நினைக்கட்டும், முப்பத்திரண்டு வருடம் பொதுச் சுகாதாரப் பரிசோதகராக, ஊர்வாயில் பி.எச்.ஐ. ஐயாவாக இருந்து ஊரிலுள்ள குசினி முழுவதையும் மோந்து பார்த்த மனிதர் அறுபத்திரண்டாவது வயதில் கிறீஸ் தேநீர் குடிக்கவேண்டுமென்று எந்தச் சட்டத்தில் இருக்கிறது. கிளாசைக் கதிரைக் காலுக்குப் பக்கத்தில், கண்ணில் படாதபடி நகர்த்தி வைத்தார். உடனே ஒரு ஈ வந்து அந்த விரலடையாளத்தின்மேலேயே குந்திக்கொண்டது. ஈ குந்தினால் என்ன செய்யுமென்று அவருக்குத் தெரியும், தெரியாதவர்கள் பாக்கியசாலிகள், முதலில் வயிற்றிலிருப்பதைக் கக்கும், பிறகு கக்கியதை உறிஞ்சும், இதைப் பாடசாலை பாடசாலையாகப் போய்ப் படம் போட்டுக் காட்டி எத்தனை பிள்ளைகளின் மத்தியானச் சாப்பாட்டைக் கெடுத்திருப்பார். மணி பத்தரை. சோளகக் காற்று கோண்டாவில் ஒழுங்கைகளின் புழுதியையெல்லாம் அள்ளிவந்து கராஜுக்குள் கொட்டியது. எதிரே அவருடைய கார், பத்து வருடம் பழகிய வெள்ளை ஹைபிரிட் கார், பின்சீட்டைக் கழற்றி நிலத்தில் போட்ட கோலத்தில் நான்கு கதவையும் விரித்துக்கொண்டு நின்றது. பன்னிரண்டு மணிக்குள் அவர் ஒரு வார்த்தை சொல்லவேண்டும். புதுப் பற்றறி போட்டு இந்தக் காரையே வைத்திருப்பதா, அல்லது பழைய செல் நாலைந்தைச் செருகி, எச்சரிக்கை லைட்டை அணைத்து, காரை வாங்கக் கேட்டிருக்கிற றெஜினோல்டின் தலையில் கட்டிவிட்டு வேறொன்று வாங்குவதா. பன்னிரண்டு மணிக்கு றெஜினோல்ட் போன் எடுப்பதாகச் சொல்லியிருந்தான்.

ஜெயரூபன் நாற்பது வயது மெக்கானிக், கட்டாரில் எட்டு வருடம் இருந்து ஹைபிரிட் வேலை பழகி வந்தவன், பேச்சுக் குறைவு. பற்றறிப் பெட்டியைத் திறக்கும்போது அவன் கையுறை போட்டுக்கொண்டதுதான் இந்த இடத்தில் விக்கினராசாவுக்குப் பிடித்த ஒரேயொரு காட்சி. அது துப்புரவுக்காக இல்லை, உள்ளே ஆளைக் கொல்லுமளவுக்கு மின்சாரம் கிடக்கிறதென்பதற்காக என்று தெரிந்தபோது அந்தச் சின்ன மகிழ்ச்சியும் போய்விட்டது. மூடியைத் தூக்கியதும் ஒரு மணம் வந்தது, மூன்று நாள் மூடிக்கிடந்த சாப்பாட்டுப் பெட்டியைத் திறந்தமாதிரிப் புளித்த மணம், அதற்கு அடியில் சூடேறிய பிளாஸ்டிக். இவ்வளவு காலமும் இதற்குமேல்தான் மனைவி சறோ குந்தியிருந்தாள், மகன் லண்டனிலிருந்து வந்தபோது பேரப்பிள்ளையை இதற்குமேல்தான் கிடத்தினார்கள். இருபத்தெட்டுச் செல் வரிசையாக நெருக்கியடித்துக்கொண்டு இருந்தன. சிலவற்றுக்கு வயிறு ஊதியிருந்தது. செம்புத் தகடுகளில் பச்சைப் பூஞ்சணம்போலத் தூள் படிந்திருந்தது. ஊதிய தகர மீன் ரின்னைக் கண்டால் கேள்வி கேட்காமல் புதைக்கவேண்டும், அதுதான் விதி, எத்தனை கடைக்காரர் கெஞ்சியிருக்கிறார்கள், ஐயா கொஞ்சம்தான் ஊதியிருக்கு, ஐயா இது வெக்கைக்கு ஊதினது. அவர் ஒருநாளும் காது கொடுத்ததில்லை. "ஆறு செல் செத்துப்போட்டுது ஐயா," என்றான் ஜெயரூபன். "மிச்ச இருபத்திரண்டும் சூடு குடிச்சிருக்கு. கொழும்பிலையிருந்து புதுப் பற்றறி எடுத்துப் போட்டால் பிறகு கனகாலத்துக்குப் பயமில்லை. இல்லையெண்டால் என்னட்டை வேற கார்களிலை கழட்டின செல் கிடக்கு, ஆறைப் போட்டுவிட்டால் லைட் நிண்டிடும்." எவ்வளவு நாளைக்கு என்று அவர் கேட்டார். "சொல்லேலாது. ஒரு மாசமும் ஓடும், ஆறு மாசமும் ஓடும். வெய்யிலுக்கை தூர ஓட்டம் ஓடினால் கெதியாப் போகும்." விற்பதென்றால் என்று அவர் கேட்டார், கேட்ட குரல் தன்னுடையதுதானா என்று அவருக்கே கொஞ்சம் சந்தேகம். ஜெயரூபன் நிமிராமலே பதில் சொன்னான். "விக்கிறதெண்டால் அது தாராளமாக் காணும் ஐயா. எல்லாரும் உப்பிடித்தான் விக்கிறவை."

எல்லாரும். இந்த எல்லாரும் என்ற சொல் இருக்கிறதே, அது ஒரு பழைய அழுக்குச் சீலை, ஊரில் இருக்கிற எல்லாக் குசினியிலும் ஒரு மூலையில் கிடக்கும், தட்டைத் துடைப்பதும் அதால்தான், மேசையைத் துடைப்பதும் அதால்தான், மூக்கைத் துடைப்பதும் அதால்தான். எத்தனை பேரிடம் கேட்டிருப்பார். ஏன் கறிச்சட்டி மூடாமல் கிடக்கிறது, எல்லாரும் உப்பிடித்தான் ஐயா. ஏன் நேற்றைய எண்ணெயில் இன்றைக்கு வடை, எல்லாரும் உப்பிடித்தான் ஐயா. அப்போதெல்லாம் பைலை மூடிக்கொண்டு, நான் எல்லாரையும் பாக்க வரேல்லை, உம்மைத்தான் பாக்க வந்தனான் என்பார். அந்த வசனத்தில் அவருக்கு ஒரு பெருமை. புதிதாக வேலைக்குச் சேர்ந்த பரிசோதகர்கள் அதைப் பாடமாக்கி வைத்திருந்தார்கள். இப்போது அவருக்கு எதிரே ஒருவரும் பைலோடு நிற்கவில்லை. ஊருக்கு உபதேசம் செய்தவருக்குத் தன் வீட்டு வாசலில் வந்து உபதேசம் செய்ய ஆளில்லாமல் போய்விட்டது, அவ்வளவுதான் சங்கதி. அவர் சட்டைப் பையில் கைவிட்டுச் சவர்க்காரப் பெட்டியைத் தொட்டுப் பார்த்துக்கொண்டார். எங்கே போனாலும் தன் சவர்க்காரம் தன்னோடு. ஊரில் அதற்கும் ஒரு பட்டப்பெயர் உண்டு, அவருக்குத் தெரியாதென்று நினைத்துக்கொண்டிருக்கிறார்கள். எழுந்துபோய்க் கை கழுவலாமென்று பார்த்தார், குழாயடியில் பாசி, பாசிக்குமேல் யாரோ துப்பிய வெற்றிலைச் சாறு. திரும்பி வந்து கதிரையின் நுனியில் இருந்தார்.

ஆனால் தொண்டையில் நிற்பது அந்தத் தேநீரும் இல்லை, குழாயடியும் இல்லை. பற்றறியைத் திறப்பதற்கு முன் ஜெயரூபன் பின்சீட்டின் பக்கவாட்டில் எதையோ கண்டு குனிந்தான். பொலித்தீன் உறையை விலக்கினான். ஜப்பானிலிருந்து வந்த நாள் தொடக்கம் கழற்றாத உறை அது, விக்கினராசா கழற்றவிடாத உறை, பத்து வருடத்தில் பழுத்து மஞ்சளாகி, இருக்கிறவர்களின் தொடையோடு ஒட்டி, எழும்பும்போது சத்தம் போடும். அதற்குக் கீழே பார்சல் ஒட்டுகிற பழுப்பு நிறச் செலோரேப், மூன்று மடிப்பு. உரித்தெடுத்தபோது பசை உருகிச் சளிபோல நூல் நூலாக இழுபட்டது. பசையில் எறும்பு, தலைமயிர், ஒரு கரப்பானின் கால். ரேப்புக்குக் கீழே பைல் மட்டையிலிருந்து அளவாக வெட்டிய பிளாஸ்டிக் துண்டு ஒன்று, அதற்கும் கீழே நீளவாட்டில் ஒரு துவாரம், சின்னச் சட்டம் போட்ட துவாரம். ஜெயரூபன் அதைப் பார்த்துக்கொண்டே கொஞ்சநேரம் குந்தியிருந்தான். "பற்றறி மூச்சு விடுற வழி ஐயா உது. உதாலைதான் உள்ளுக்கு காத்தை இழுத்துச் சூட்டைத் தணிக்கிறது. ஆர் ஐயா உதை ஒட்டினது?" விக்கினராசா தெரியேல்லை என்றார். ஜப்பானிலை ஒட்டியிருப்பாங்களோ தெரியேல்லை என்று வேறு சேர்த்துச் சொன்னார். பிளாஸ்டிக் துண்டின் மூலையில் சுகாதார வைத்திய அதிகாரி பணிமனை என்ற எழுத்தின் பாதி தமிழில் இருந்தது. ஜெயரூபன் அதை வாசித்தானா இல்லையா என்பது தெரியவில்லை. துண்டை மடித்துக் குப்பை வாளிக்குள் போட்டுவிட்டு வேலையைப் பார்த்தான், அந்த மடித்த விதத்தில்தான் ஏதோ ஒரு பண்பு இருந்தது, அதுதான் அருவருப்பாக இருந்தது.

ஒட்டியவர் அவர்தான். கார் வந்த அன்றே ஒட்டினார். அன்றைக்கு அயலட்டை எல்லாம் வந்து காரைச் சுற்றி நின்று பார்த்தது, தேசிக்காய் வைத்து, தேங்காய் உடைத்து, சந்தனம் பூசி. அதெல்லாம் முடிந்தபிறகு அவர் தனியே கேட்டைப் பூட்டிவிட்டு, ரோச்லைட் எடுத்துக்கொண்டு, ஒரு சாப்பாட்டுக் கடையைப் பரிசோதிப்பதுபோல அந்தக் காரைப் பரிசோதித்தார். கதவு விளிம்பு, கால்மிதிக்குக் கீழ், பெட்டி வைக்கும் இடம், எல்லாம் துப்புரவு. பின்சீட்டுக்குப் பக்கத்தில் மட்டும் ஒரு துவாரம். விரலை விட்டுப் பார்த்தார், உள்ளே இருட்டாகப் போய்க்கொண்டேயிருந்தது. துவாரம் கண்டால் அடைக்கவேண்டும், எலிக்கு ஒரு பெருவிரலகலம் போதும், கரப்பானுக்கு அதுவும் வேண்டாம், இது அவருடைய வேதம், ஊரில் எத்தனை துவாரத்தை அடைப்பித்திருப்பார். காரோடு வந்த கைநூல் முழுக்க ஜப்பான் மொழியில். புரட்டிப் பார்த்தார், படங்கள் இருந்தன, ஒரு படத்தில் அந்தத் துவாரமும் அதன்மேல் சிவப்பால் ஒரு பெருக்கல் குறியும் ஒரு துணிப்பொதியும் இருந்தன. அதைக் கண்டதும் இதை மூடிவிடவேண்டும் என்றுதான் ஜப்பான்காரனும் சொல்கிறான் என்று விளங்கிக்கொண்டார். இப்போது யோசித்தால் அது மூடாதே என்ற படம். யாரிடமாவது கேட்டிருக்கலாம். கேட்கிற பழக்கம் அவருக்கு இல்லை, சொல்லுகிற பழக்கம்தான். ஒட்டி முடித்துவிட்டுச் சறோவைக் கூப்பிட்டுக் காட்டினார், பாத்தீரோ, இதுக்குள்ளாலை ஒரு எலி வந்திருந்தால் என்ன செய்வீர். சறோ பார்த்துவிட்டு, காத்து வாற வழியோ தெரியாது இஞ்சேருங்கோ என்றாள். சொன்னாள், அப்படியே சொன்னாள். அவர் சிரித்தார். ஆனைக்கும் அடி சறுக்கும் என்பார்கள், சறுக்கின ஆனை பத்து வருடம் அந்த இடத்திலேயே நின்று கழுத்தை நிமிர்த்திக்கொண்டு நிற்குமோ.

சிவப்பு முக்கோணம் முதன்முதல் எரிந்தது இருபது நாளுக்கு முன்னர், நல்லூரடியில், பின்னால் பஸ் ஹோர்ன் அடித்துக்கொண்டிருந்தபோது. மீற்றரில் ஒரு முக்கோணம், நடுவில் வியப்புக்குறி, ஏதோ தகாத வார்த்தை சொன்னதுபோல அவரைப் பார்த்தது. பின்பக்கம் ஒரு விசிறி இரைந்தது, மூக்கடைத்தவன் மூச்சு விடுவதுபோல, பாவி, உண்மையாகவே மூக்கடைத்துத்தான் இருந்திருக்கிறது. காரை அணைத்து மறுபடி போட்டார், முக்கோணம் போய்விட்டது. பிறகு வந்தது, போனது, வந்தது. ஐந்தாம் நாள் சறோவிடம், வயது போட்டுது, காரை மாத்துவம் என்றார், முக்கோணத்தைப் பற்றி மூச்சு விடவில்லை. காரில் பிழையென்று அப்போதே அவருக்குத் தெரிந்திருந்தது, அதைத்தான் இப்போது இந்தக் கதிரையில் இருந்துகொண்டு திருப்பித் திருப்பித் தொட்டுப் பார்க்கவேண்டியிருக்கிறது, பல்லில் சிக்கின நாரை நாக்குப் போய்ப் போய்த் தொடுவதுபோல. முந்தநாள் ஒரு செத்தவீட்டில் றெஜினோல்ட் பக்கத்தில் வந்து குந்தினான். "ஐயா காரை விக்கப்போறியளாம் எண்டு கேள்விப்பட்டன். எனக்குத் தாங்கோவன். உங்கட கையிலை இருந்த சாமான் எண்டால் நான் கண்ணை மூடிக்கொண்டு எடுப்பன்." பறை அடித்துக்கொண்டிருந்தது. "ஏதும் பிழை இருக்கோ ஐயா?" விக்கினராசா பிணத்தைப் பார்த்துக்கொண்டு, ஒண்டுமில்லை என்றார். ஒண்டுமில்லை. எவ்வளவு சுலபமாக வந்தது, ஏற்கனவே நாக்கில் தயாராக வைத்திருந்ததுபோல. ஒண்டுமில்லை என்று சொன்னபிறகு செத்தவரின் மகள் வந்து கட்டிப்பிடித்து அழுதாள், அவர் அவளுடைய முதுகைத் தட்டினார், பிறகு கிணற்றடிக்குப் போய்க் கை கழுவினார். எல்லாரும் செத்தவீட்டுத் துடக்குக் கழுவுகிறார் என்று நினைத்திருப்பார்கள்.

றெஜினோல்டா, வேறு ஆள் கிடைக்கவில்லையா. கொழும்பிலிருந்து வருகிற தரகன் ஒருத்தனாக இருந்திருந்தால் இந்த மனம் இப்படிக் குமட்டாது, தரகனுக்குத் தரகன் வேலை தெரியும், பார்த்துப் பிடிப்பான், பிடிக்காவிட்டால் அவன் விதி. றெஜினோல்ட் பாண் சுடுகிறவன். பதினாலு வருடத்துக்கு முன் அவனுடைய வெதுப்பகத்தை இழுத்துப் பூட்டியவர் விக்கினராசா. அன்றைக்குக் காலையில் உள்ளே போனபோதே சுண்ணாம்பு மணம் மூக்கில் ஏறியது, அவர் வருகிறாரென்று யாரோ சொல்லி, இரவோடிரவாகச் சுவருக்கு வெள்ளையடித்திருந்தான். முழுப் பூசணிக்காயைச் சோற்றில் மறைக்கிற வேலை. விரலால் தேய்த்துப் பார்த்தால் ஈரச் சுண்ணாம்புக்குக் கீழே கரும்பாசி. மாமூட்டையைத் தூக்கச் சொன்னார், கீழே எலிப் புழுக்கை, மூட்டைக்குள்ளும் எலிப் புழுக்கை, மாவுக்குள் சீரகம் போட்டமாதிரி. அந்த மாவில் சுட்ட பணிஸைத்தான் அந்த ஊர்ப் பள்ளிக்கூடம் முழுக்கக் கடித்துக்கொண்டிருந்தது. றெஜினோல்ட் சண்டை பிடிக்கவில்லை. பூட்டுங்கோ ஐயா, பிழைதான் என்றான். நோட்டீஸை மட்டும் உள்பக்கம் ஒட்டச் சொல்லிக் கேட்டான். "மகள் இந்த வழியாலைதான் ஐயா பள்ளிக்கூடம் போறவள். எட்டு வயசு. இப்பதான் வாசிக்கப் பழகியிருக்கிறாள்." விக்கினராசா வெளிப்பக்கம் ஒட்டினார். சட்டம் அப்படி. ஒட்டுவதற்குப் பசை இல்லையென்று கூடவந்த சுகாதாரத் தொழிலாளி சொன்னபோது, பறிமுதல் செய்த அந்த மாவிலேயே ஒரு பிடி எடுத்துக் காய்ச்சச் சொன்னார், அப்படிச் செய்யச் சொல்லிச் சட்டம் சொல்லவில்லை. அதை அவர் அன்றைக்குக் கெட்டித்தனம் என்று நினைத்தார், பணிமனைக் கந்தோரில் போய்ச் சொல்லிச் சிரித்ததும் நினைவிருக்கிறது. இரண்டு கிழமை கழித்துத் திறந்தபோது றெஜினோல்ட் நிலத்துக்கு மாபிள் பதித்திருந்தான், வேலையாட்களுக்குத் தொப்பி போட்டிருந்தான். அன்று தொடக்கம் கண்டவர் நின்றவரிடமெல்லாம், என்னை மனிசனாக்கினது பி.எச்.ஐ. ஐயாதான் என்று சொல்லித் திரிகிறான். ஒவ்வொரு நத்தார்ப் பண்டிகைக்கும் கேக் கொண்டுவந்து தருவான், பெட்டியில் நாடா கட்டி. பதினாலு கேக். ஒன்றைக்கூட விக்கினராசா வாயில் வைத்ததில்லை, சறோவையும் வைக்கவிட்டதில்லை, பெட்டியைத் திறந்தால் அவருக்கு உலர்ந்த திராட்சை தெரியாது, புழுக்கைதான் தெரியும். பின்வளவில் கிடங்கு வெட்டித் தாட்டுவிடுவார். அடுத்த நாள் றெஜினோல்டைக் கண்டால், நல்ல கேக் என்பார்.

பதினொன்றே காலுக்குச் சறோ போன் எடுத்தாள். ஒரு தகர டப்பாவை உதைத்ததுபோல மனம் திடுக்கிட்டது. "இஞ்சேருங்கோ, சேவிஸ் முடிஞ்சுதோ?" சேர்விஸ் என்றுதான் அவளுக்குச் சொல்லிவிட்டு வந்திருந்தார். இன்னும் இல்லை, ஏன் என்றார். "றெஜினோல்டின்ர மனிசி வந்திட்டுப் போறா. சந்தோசத்திலை நிலத்திலை கால் முட்டேல்லை. கார் மகளுக்குத்தானாம். டிலக்சனா கிளிநொச்சியிலை இஞ்சினியறிங் படிக்கிறாளெல்லே, இனி ஹொஸ்ரலிலை நிக்காமல் வீட்டையிருந்தே போய்வாறதுக்காம். தானே கார் ஓடிக்கொண்டு போவாளாம்." பிறகு சறோ குரலை மாற்றிக் கேட்டாள். "கார் நல்லாத்தானே இருக்கு? அண்டைக்குப் பின்னாலை இருக்கேக்கை கீழை சரியான சூடு. நான் சொன்னனான், நீங்கள் கணக்கெடுக்கேல்லை." ஒண்டுமில்லை என்று அவர் சொன்னார், மறுபடியும் அதே சொல், முந்தநாளையதைவிட இன்னும் வழுக்கிக்கொண்டு வந்தது. நீர் சாப்பிடும், நான் சுணங்கித்தான் வருவன் என்றார். போனை வைத்துவிட்டுத் திரையைக் கைலேஞ்சியால் துடைத்தார். அப்படித்தான் தன் அப்பா கடைசி நாட்களில் ஆஸ்பத்திரியில் கிடந்தபோதும் அவருடைய வாயோரம் வழிந்ததைத் துடைத்துவிட்டு வெளியே வந்து மூன்று தரம் கை கழுவினார், சறோ அதை வாசலில் நின்று பார்த்துக்கொண்டிருந்தாள். எத்தனையோ வருடம் கழித்து ஒரு சின்னச் சண்டையில்தான், உங்களுக்கு மனிசரைக் கண்டாலே அருவருப்பு என்றாள். அது பொய். அருவருப்பு மற்றவர்களிடமிருந்து வருகிறதென்றுதான் அவரும் இத்தனை காலம் நினைத்திருந்தார். அது எப்போதும் அவருடைய பக்கத்திலேயே மணத்துக்கொண்டிருந்ததென்று இன்றைக்குத்தான் மூக்குக்குப் பிடிபடுகிறது.

கிளிநொச்சி. யாழ்ப்பாணத்திலிருந்து போக ஒன்றரை மணித்தியாலம், ஆனையிறவைத் தாண்டவேண்டும். இரண்டு பக்கமும் தண்ணீர், நடுவில் றோட்டு, ஒரு மரத்தின் நிழல் இல்லை, மத்தியானம் அங்கே தார் மணக்கும். வெய்யிலுக்கை தூர ஓட்டம் ஓடினால் கெதியாப் போகும். லொறிகள் கண்மண் தெரியாமல் வருகிற றோட்டு, இழுவை குறைந்து கார் நடுறோட்டில் தத்தளித்தால் பின்னால் வருகிறவன் பிறேக் பிடிப்பானா. பிடிப்பான். பிடிக்காவிட்டால். சரி, அப்படி ஒன்றும் நடக்காது, லைட் எரிந்தாலும் கொஞ்சத் தூரம் ஊர்ந்து போகும், ஓரங்கட்டலாம், அவளுக்குப் போன் இருக்கிறது, தகப்பன் இருக்கிறான், படித்த பிள்ளை, இஞ்சினியர், அவளுக்கே இந்தப் பற்றறியைப் பற்றித் தெரிந்திருக்கும். ஒரு மாசமும் ஓடும், ஆறு மாசமும் ஓடும் என்றுதானே ஜெயரூபன் சொன்னான், ஆறு மாதம் ஓடினால் பிறகு அது அவர்களுடைய கார், பழைய சாமான் வாங்கினால் பழுதுபடாதா, ஆறு மாதத்துக்குப் பிறகு யார் யாரைக் கேட்பது. ஆனால் கடைசியாக அவர் கேட்டது விற்பதைப் பற்றித்தான், ஓடுவதைப் பற்றியல்ல. புதுப் பற்றறி ஒன்றரை வருடப் பென்சனைத் தின்னும், தின்றபிறகும் அதே பழைய கார், அதே மஞ்சள் உறை. கொழும்பில் பார்த்து வைத்த சாம்பல் நிறக் கார் நாலு வருடம்தான் ஓடியது, உள்ளே புது மணம் இன்னும் போகவில்லை. அந்தப் புது மணம், அதற்குள் ஏறி இருந்தபோது உடம்பு முழுக்கக் குளித்தமாதிரி இருந்தது. அதற்காகவா. ஒரு மணத்துக்காகவா அந்தப் பிள்ளையை. எட்டு வயதில் அந்த நோட்டீஸை அவள் எழுத்துக்கூட்டி வாசித்திருப்பாள். சு, கா, தா, ர, சீர், கே, டு. எழுத்துக்கூட்டி வாசிக்கிற பிள்ளைக்குப் பக்கத்தில் வேறு பிள்ளைகளும் நின்றிருக்கும், அதுகளும் வாசித்திருக்கும், பிறகு வகுப்பில். அவர் கண்ணை மூடினார். பூனை கண்ணை மூடினால் பூலோகம் இருண்டுபோகுமாம், இருளவில்லை, கிறீஸும் பசையும் புளித்த மணமும் இன்னும் கிட்ட வந்தன. ஜெயரூபன் கைகளை மண்ணெண்ணெயில் கழுவி, பிறகு சவர்க்காரம் போட்டு, நகக்கண்ணைத் தும்பால் தேய்த்துக் கழுவிவிட்டு வந்து நின்றான். "ஐயா, செல்லைப் போட்டு மூடட்டோ? புதுசுக்கு ஓடர் குடுக்கிறதெண்டால் பன்னிரண்டுக்கு முதல் கொழும்புக்குச் சொல்லவேணும்." கொஞ்சம் பொறு தம்பி என்றார். செல்லையே போடு என்று சொல்லப் போனார், சொல்லிவிட்டதாகவே தோன்றியது, இல்லை, வாய் திறக்கவில்லை. போன் கைக்குள் அதிர்ந்தது. பன்னிரண்டுக்கு இன்னும் எட்டு நிமிடம் இருந்தது.

"ஐயா, அவசரப்பட்டு எடுத்திட்டன், குறை நினையாதேங்கோ," என்றான் றெஜினோல்ட். பின்னால் தட்டுகள் மோதுகிற சத்தம், யாரோ பாணுக்கு விலை கேட்கிறார்கள். "பின்னேரம் மகளையும் கூட்டிக்கொண்டு வந்து ஒருக்கால் பாப்பம் எண்டு. அவள் ஆரோ கராஜ்காரனைக் கூட்டிக்கொண்டு வரப்போறன் எண்டாள். நான் ஏசிப்போட்டன். பி.எச்.ஐ. ஐயா ஒண்டுமில்லை எண்டால் ஒண்டுமில்லை, ஆளைக் கூட்டிக்கொண்டு போய் அந்த மனிசனை அவமானப்படுத்திறியோ எண்டு." விக்கினராசா எழுந்து நின்றார். கால் பட்டுத் தேநீர்க் கிளாஸ் சரிந்து நிலத்தில் ஓடியது. சரி வாங்கோ என்று சொல்லத்தான் வாயைத் திறந்தார், அதைத்தான் சொல்லப்போகிறாரென்று கடைசிவரை அவரும் நம்பியிருந்தார். வயிற்றுக்குள் ஒவ்வாதது ஒன்று கிடந்தால் அது ஆளிடம் கேட்டுக்கொண்டா வருகிறது. "தம்பி, அதிலை பிழை இருக்கு," என்றார். "பற்றறி போட்டுது. ஆறு செல். மிச்சமும் போகப்போகுது. லைட்டை அணைச்சுப்போட்டு உமக்குத் தரத்தான் இருந்தனான். அது தானாப் போகேல்லை, பின்னாலை ஒரு ஓட்டை, பற்றறிக்குக் காத்துப் போற வழி, எலி வருமெண்டு நான்தான் ஒட்டினனான். பத்து வருசமா ஒட்டித்தான் கிடந்தது. நான் புதுப் பற்றறி போட்டு நானே வைச்சிருக்கப்போறன். மகளுக்கு வேற கார் பாரும்." சொல்லி முடிந்ததும் உடம்பு வேர்த்துக் குளிர்ந்தது. இனி நிம்மதி வரும், ஒரு துப்புரவு வரும் என்று காத்துக்கொண்டு நின்றார், ஐந்து நொடி, பத்து நொடி.

மறுமுனையில் றெஜினோல்ட் வேலையாட்களிடமிருந்து விலகிப் போகிறான் போலிருந்தது, தட்டுச் சத்தம் குறைந்தது, ஒரு கதவு சாத்தப்பட்டது. "செத்தவீட்டிலை நான் கேக்கேக்கை உங்களுக்குத் தெரியுமோ ஐயா?" என்றான். கோபம் இல்லை, தெரிந்துகொள்ளத்தான் கேட்டான். இன்றைக்குக் காலையில்தான் தெரியும் என்று சொன்னால் முடிந்துவிடும், சிவப்பு முக்கோணத்தை அவன் காணவா போகிறான், அந்தப் பொய்யும் நாக்குநுனியில் வந்து நின்றது, அதையும் விக்கினராசா பார்த்தார். "தெரியும்," என்றார். றெஜினோல்ட் குரலைத் தாழ்த்தி, படுக்கையில் கிடக்கிற வருத்தக்காரனிடம் கதைப்பதுபோல மெதுவாகச் சொன்னான். "சரி ஐயா. அப்ப நாங்கள் வேற பாக்கிறம். நீங்கள் உதை யோசிச்சுக்கொண்டிருக்காதேங்கோ. மகளுக்கு விலை சரிவரேல்லை எண்டு சொல்லுறன். வேற ஒருதருக்கும் நான் சொல்லமாட்டன்." ஜெயரூபன் துடைப்பத்தை எடுத்துவந்து சரிந்த தேநீரைக் கூட்டிக்கொண்டிருந்தான். விக்கினராசா போனைக் காதோடு அழுத்திப் பிடித்துக்கொண்டு, "பெரிய உபகாரம் தம்பி," என்றார். அதைச் சொன்னபோது தன் முதுகு தானாகவே சற்று வளைந்து குனிந்திருந்ததை அவர் கண்டுகொண்டார்.